ஸ்டார்ட் ஆகும், பிறகு நிற்கும்

“…ஸ்டார்ட் ஆகுதெல்லே பெரியத்தான்? ஸ்டார்ட் ஆகிற சாமானை ஆராவது செத்துப்போச்செண்டு சொல்லுவினமே?”

கொட்டாஞ்சேனையில் தன் வீட்டு ஒழுங்கையில், லொறியின் மட்கார்டில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு சித்தி இப்படிக் கேட்டார். பெரியப்பா பதில் சொல்ல வாயைத் திறந்தார். அவருக்கு அந்தச் சிரமம் மிச்சம். லொறியே ஒரு தரம் இருமி, உடம்பை ஒரு உதறு உதறி, நின்று போனது.

“கேட்டியே பிள்ளை, அதுவே சொல்லுது” என்றார் பெரியப்பா.

எனக்குச் சிரிப்பு வந்தது. சித்தியின் முகத்தைப் பார்த்துவிட்டுப் பாணையும் சம்பலையும் வாய்க்குள் அடைத்துக்கொண்டேன்.

பெரியப்பா என் அப்பாவின் அண்ணன். சித்தியின் கணவர், அதாவது என் சித்தப்பா, அப்பாவின் தம்பி. முந்தின வருடம் ஒருநாள் மத்தியானம் நெஞ்சுக்குள் ஏதோ செய்கிறது என்று சொல்லிப் படுத்தவர், பிறகு எழும்பவில்லை. அவர் விட்டுப்போனது ஒரு வாடகை வீடு, ஒரு பழைய ஜப்பான் லொறி, அந்த லொறியை நம்பியிருந்த சில கடைக்காரர்கள். புறக்கோட்டையில் வெங்காயமும் பருப்பும் ஏற்றி வெள்ளவத்தைக் கடைகளில் இறக்குவதுதான் தொழில். சித்தப்பா இருந்த காலத்தில் சித்தி பக்கத்து ஆசனத்தில் இருந்து போவார். சித்தப்பா கியர் மாற்றும்போது சித்தியின் இடது காலும் தானாகவே இல்லாத கிளச்சை மிதிக்குமாம். லைசன்ஸும் எடுத்து வைத்திருந்தார். அதனால் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த கையோடு, ஆரையும் கேட்காமல், ஒரு திங்கட்கிழமை லொறியை எடுத்துக்கொண்டு புறக்கோட்டைக்குப் போய்விட்டார். மூட்டை தூக்குகிற ஆட்கள் எல்லாரும் ஒரு நிமிடம் மூட்டையை மறந்து நின்றார்களாம். “நிண்டது போதும், ஏத்துங்கோ தம்பிமார், வெங்காயம் முளைக்கப்போகுது” என்றாராம் சித்தி.

பாடசாலை விடுமுறைக்கு என்னை வெள்ளவத்தையில் இருந்து சித்தி வீட்டுக்கு அனுப்பினார்கள். ஒரு பொம்பிளை தனியே இருக்கக் கூடாது என்று, பல்லி சத்தமிட்டால் அழுகிற ஒரு சிறுமியைக் காவலுக்கு அனுப்பும் குடும்பம் எங்களுடையது. என்னுடைய காவல் பெரும்பாலும் லொறியின் முன் ஆசனத்தில் நடந்தது. உயரத்தில் இருந்து கொழும்பைப் பார்ப்பதற்காக நான் எத்தனை நாளும் காவல் இருக்கத் தயாராக இருந்தேன்.

அந்த லொறிக்குத்தான் இப்போது இந்த வருத்தம் வந்திருந்தது. காலையில் திறப்பைத் திருப்பினால் ஒரே தரத்தில் ஸ்டார்ட் ஆகும். ஒரு பிசகும் இருக்காது. காலிமுகத்திடலைத் தாண்டும்வரை பாட்டுப் பாடிக்கொண்டு ஓடும். கொள்ளுப்பிட்டியில் மெல்ல இழுவை குறையும். அக்ஸிலரேட்டரை அழுத்தினாலும் கேட்காது. பிறகு ஒரு இருமல், ஒரு உதறல், அவ்வளவுதான். கொஞ்ச நேரம் சும்மா விட்டால் திரும்ப ஸ்டார்ட் ஆகும். இன்னும் கொஞ்சத் தூரம் போய் இன்னொரு இடத்தில் படுக்கும். பின்னால் பஸ்கள் ஹோர்ன் அடிக்கும். கொண்டக்டர்மார் தலையை வெளியே நீட்டி, சித்தியின் பரம்பரையை விசாரிப்பார்கள்.

ஒருநாள் பம்பலப்பிட்டியில் நடு ரோட்டில் நின்றுவிட்டது. பொலிஸ்காரர் ஒருவர் ஓடிவந்து, “மெத்தன நவத்தன்ன பே நோனா!” என்று கத்தினார். இங்கே நிறுத்தக் கூடாதாம். சித்தி கண்ணாடியை இறக்கி, சிங்களத்திலேயே மிகவும் பணிவாக, “நான் நிறுத்தவில்லை மாத்தயா, அது தன்பாட்டில் நின்றது. நீங்கள் ஒருக்கால் சொல்லிப் பாருங்கள், சீருடைக்குப் பயந்தாவது கேட்குதோ தெரியாது” என்றார். பொலிஸ்காரர் சிரித்துவிட்டார். சிரித்துக்கொண்டே லொறியைத் தள்ளியும் விட்டார். ஆனால் வெள்ளவத்தைக் கடைக்காரர் சிரிக்கவில்லை. “தங்கச்சி, எனக்கு உங்களில கோவமில்லை. வெங்காயம் வராட்டி சனம் என்னிலதான் கோவிக்குது” என்றார். வேறு லொறி பார்க்கப்போகிறார் என்பதை அவ்வளவு மரியாதையாகச் சொல்ல அவரால்தான் முடியும்.

இந்தக் கதை பெரியப்பாவின் காதுக்குப் போனதால்தான் அந்த வெள்ளிக்கிழமை காலையில் அவர் வந்திருந்தார். பெரியப்பா நல்ல மனிதர். நல்ல மனிதர்களுக்கு மற்றவர்களுடைய வாழ்க்கையில் முடிவெடுக்கும் வேலை எப்படியோ வந்து சேர்ந்துவிடும். கிருலப்பனையில் ஒருவர் லொறியை இருந்தபடியே எடுக்கச் சம்மதித்திருக்கிறார், ஞாயிறு பின்னேரம் வந்து பார்ப்பார் என்றார். லொறி போனால் சித்தி யாழ்ப்பாணத்தில் தன்னுடைய அண்ணன் வீட்டுக்குப் போய் இருக்கலாம். அங்கே ஒரு அறையும் ஒதுக்கி வைத்திருக்கிறார்கள்.

“அந்த அறையை எனக்குத் தெரியும்” என்றார் சித்தி. “நெல்லு மூட்டை வைக்கிற அறை. ரோட்டுப் பக்கம் ஜன்னல் இல்லை.”

“ஜன்னல் வைக்கலாம் பிள்ளை.”

“வைக்கலாம். வெளியில பாத்து நான் என்ன செய்யிறது?”

பெரியப்பா லொறியைப் பார்த்தார். சித்தி பெரியப்பாவைப் பார்த்தார். “ஞாயிறு பின்னேரம் வரைக்கும் தவணை தாங்கோ” என்றார். “நீங்களும் ஏறுங்கோ. இஞ்ச இருந்து வெள்ளவத்தைக்குப் போய், நிக்காமல் திரும்பி வந்தால் விக்கிற கதையை இதோட விடவேணும். வழியில நிண்டுதெண்டால் திறப்பை நானே உங்கட கையில தாறன். அண்ணை வீட்டுக்கும் போறன்.”

“சத்தியமா?”

“சத்தியம் பண்ண நேரமில்லை. இண்டைக்கே வெள்ளி.”

இவர்கள் பேசிக்கொண்டிருந்தபோது, பெரியப்பாவோடு வந்திருந்த பெரியம்மா லொறியைச் சுற்றிவந்து பொட்டு வைத்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அது நடக்கும். எவர்சில்வர் தட்டத்தில் குழைத்த சந்தனமும் குங்குமமும் இருக்கும். பொனட்டுக்கு ஒன்று, ஸ்டியரிங்குக்கு ஒன்று, டயர்களுக்கு, டீசல் டாங்க் மூடிக்கு. முன்பெல்லாம் அது சித்தியின் வேலை. சித்தி மோதிர விரலால் மிளகளவுக்கு ஒரு புள்ளி வைப்பார். அதுவும் டாங்கின் வயிற்றுப் பக்கமாக. சித்தப்பா போனதற்குப் பிறகு அந்த வேலை பெரியம்மாவுக்கு மாறியிருந்தது. ஏன் என்று நான் கேட்கவில்லை. பெரியவர்களின் வேலைகள் அப்படிக் கைமாறுவது உண்டு என்று நினைத்தேன். பெரியம்மா பொட்டு வைத்து முடிக்கும்வரை சித்தி அநேகமாக உள்ளே தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருப்பார். அன்றைக்கு மட்டும் பெரியப்பாவோடு வாதாட வேண்டியிருந்ததால் வெளியே நின்றார்.

பெரியம்மாவின் கை தாராளம். சோறு போட்டாலும் அப்படி, சந்தனம் வைத்தாலும் அப்படி. பெருவிரலால் அப்பி, அழுத்தி, அதன்மேல் குங்குமத்தை ஒற்றுவார். லொறி நிற்கத் தொடங்கிய பிறகு அந்தத் தாராளம் இரட்டிப்பாகியிருந்தது.

“உது நாவூறு” என்றார் பெரியம்மா, மூடியில் பெருவிரலை அழுத்திக்கொண்டே. “ஒரு பொம்பிளை லொறி ஓடுறாளெண்டு காலி வீதி முழுக்கக் கண். எஞ்சின் என்ன செய்யும், பாவம்?”

பெரியம்மாவின் பொட்டுகள்தான் வடிவு என்பது அப்போது என் அபிப்பிராயம். சித்தியுடைய பொட்டு தூரத்தில் இருந்து பார்த்தால் தெரியாது.

லொறியைப் பார்க்கிற மெக்கானிக் எங்களுக்கு இரண்டு ஒழுங்கை தள்ளி இருந்தார். முஸ்லிம் ஆள் என்பதால் எல்லாரும் அவரை நானா என்றுதான் கூப்பிடுவோம். சித்தப்பாவின் சிநேகிதர். இந்த வருத்தம் தொடங்கிய பிறகு லொறி பல தரம் அவரிடம் போய்வந்துவிட்டது. டீசலை வடித்து டாங்கைக் கழுவினார். புது பில்டர் போட்டார். பைப்புக்குள் காற்றுப் புகுந்திருக்கும் என்று பம்பை அழுத்தி அழுத்தி வெளியேற்றினார். ஒவ்வொரு தரமும் கராஜ் முற்றத்தில் லொறி கொளுத்துகிற வெயிலில் மணிக்கணக்காக ஓடும். ஒரு இருமல் இருக்காது.

“மிச்சம் நல்ல எஞ்சின் தங்கச்சி” என்பார் நானா. “நீங்க நிக்கிதுண்டு செல்றீங்க. இங்க நிக்கல்லயே. இதுக்கு என்ட மொகம் புடிச்சீக்கி போல.”

“அப்ப உங்கட படத்தை ஸ்டியரிங்கில ஒட்டட்டோ நானா?” என்று கேட்டுவிட்டு சித்தி எடுத்து வருவார். கொள்ளுப்பிட்டியில் நிற்கும்.

ஞாயிறு விடிந்ததும் சித்தி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஒழுங்கைக்கு வந்தார். என்னிடம் சொன்னது இன்றைக்கும் காதில் இருக்கிறது. “கழிச்சுக்கொண்டு போவம் பிள்ளை. எல்லாத்தையும் கழிச்ச பிறகு எது மிஞ்சுதோ, அதுதான் கள்ளன்.”

முதலில் வெறும் லொறியை நின்ற இடத்திலேயே ஓடவிட்டார். கொஞ்ச நேரத்தில் நின்றது. அப்படியென்றால் பாரம் கள்ளன் இல்லை, ரோட்டும் கள்ளன் இல்லை. நானாவின் வெயிலில் நிற்கவில்லை என்பதால் சூடும் இல்லை. பில்டர் புதிது. டீசல் புதிது. ஒவ்வொன்றையும் கழித்தபோது சித்தி ஒரு விரலை மடக்கினார். மடக்க விரல் மிச்சமில்லாமல் போனபோதும் லொறி நின்றுகொண்டுதான் இருந்தது.

ஒழுங்கை முழுவதும் ஆலோசனை சொன்னது. எதிர்வீட்டு அன்ரி பல்கனியில் நின்றபடி, “பற்றரியா இருக்கும்” என்றார். ஸ்டார்ட் ஆகிறதுக்குத்தான் பற்றரி, ஓடுறதுக்கில்லை என்று சித்தி கீழே இருந்தே விளக்கினார். “எண்டாலும் ஒருக்காப் பாக்கலாமே” என்றார் அன்ரி, விட்டுக்கொடுக்காமல். ஒழுங்கை முகப்பில் த்ரீவீல் வைத்திருக்கும் சிங்களப் பெடியன் வந்து எட்டிப் பார்த்தான். “அக்கே, லொரியட்ட பொன்ன தென்ன ஓன” என்றான். லொறிக்குக் குடிக்கக் கொடுக்க வேண்டுமாம். பிறகு அரைத் தமிழில், “பாத்தனான் அக்கே. ஷெட்டில டீசல் அடிச்சு வாற நாள் நல்லாப் போகுது. மத்த நாள் மூஞ்சி நீட்டுது. எங்கட மாமா மாதிரி” என்றான்.

எல்லாரும் சிரித்தார்கள். சித்தி சிரிக்கவில்லை. மடக்கிய விரல்களை மெல்ல விரித்தார்.

“ஷெட்டுக்குப் போனால் ஓடுது” என்றார். “நானாட்டப் போனாலும் ஓடுது. இஞ்ச நிக்குது. அங்க செய்யிற எதையோ நாங்கள் இஞ்ச செய்யேல்லை.” என் கையைப் பிடித்தார். “வா.”

நானா ஞாயிறென்று சாரத்தோடு வீட்டு வாசலில் சாய்ந்திருந்தார். சித்தி வணக்கம், சுகம் ஒன்றும் விசாரிக்கவில்லை. “நானா, லொறியைக் கொண்டுவந்து விட்டால் நீங்கள் என்னென்ன செய்வியள்? ஒண்டும் விடாமல் சொல்லுங்கோ.”

“எஞ்சின ஸ்டார்ட் பண்ணுவேன்.”

“அதுக்கு முதல்?”

“பொனட்ட… இந்த லொறிக்குப் பொனட் இல்லயே, கெபினைத் தூக்குவேன்.”

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்த லொறிக்குப் பொனட் கிடையாதுதான். முன்பக்கத் தகட்டை நாங்கள் பொனட் என்போம். நானா அதை வாழ்நாள் முழுவதும் ஒத்துக்கொள்ளவில்லை.

“அதுக்கு முதல்?” என்றார் சித்தி.

“அதுக்கு முதல் என்னத்த தங்கச்சி… பிஸ்மி செல்லுவேன்.”

“சரி. பிஸ்மிக்குப் பிறகு, கெபினுக்கு முதல்?”

நானா யோசித்தார். கை தானாகவே காற்றில் எதையோ திருகியது. “டாங்க் மூடியத் தெறந்து மட்கார்ட்ல வெப்பேன். குச்சி உட்டு டீசல் பாக்க. நம்மட பழக்கம் அது.”

“எப்ப திரும்ப மூடுவியள்?”

“நீங்க எடுக்க வரக்குள்ள.”

“ஷெட்டிலயும் மூடியைத்தான் திறக்கினம்” என்றார் சித்தி. அவ்வளவுதான் சொன்னார். ஆனால் மூடிக்கும் எஞ்சினுக்கும் என்ன சம்பந்தம் என்று அவருக்கும் தெரியவில்லை, நானாவும் தலையைச் சொறிந்தார். மூடி இறுக்கமாக இருந்தால் நல்லதுதானே, தூசி போகாதே என்றேன் நான். அதை ஒருவரும் மறுக்கவில்லை.

அப்போதுதான் நானாவின் மனைவி எங்களுக்குத் தேத்தண்ணி போட வந்தார். டின்பாலைக் கோப்பைக்குமேல் கவிழ்த்தார். பால் வரவில்லை. குலுக்கினார். ஒரு சொட்டு வந்து, அந்தரத்தில் நின்று யோசித்தது. “இந்தா, காத்து ஓட்ட அடச்சிட்டு” என்று முணுமுணுத்தபடி, சட்டையில் குத்தியிருந்த பின்னைக் கழற்றி, டின்னின் மற்றப் பக்க ஓட்டையில் காய்ந்திருந்த பாலைக் குத்தி எடுத்தார். பால் நூல் மாதிரி இறங்கியது.

டின்பாலுக்கு இரண்டு ஓட்டை போட வேண்டும் என்பது கொழும்பில் குழந்தைக்கும் தெரியும். ஒன்று பால் வர, மற்றது காற்றுப் போக. அதை நானாவும் சித்தியும் ஒரே நேரத்தில் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே நினைவுபடுத்தினார்கள்.

“யா அல்லா” என்றார் நானா. “என்ட மூக்குக்கு முன்னால ஈந்திச்சே! தெறந்து வெச்சது நான்தானே!”

“தேத்தண்ணி பிறகு குடிக்கிறன் மச்சாள்” என்று நானாவின் மனைவியிடம் சொல்லிவிட்டுச் சித்தி நடந்தார். நடந்தார் என்பது மரியாதைக்காகச் சொல்வது. நானும் சாரத்தைத் தூக்கிப் பிடித்த நானாவும் பின்னால் ஓடினோம்.

ஒழுங்கையில் இப்போது பெரியப்பாவும் பெரியம்மாவும் வந்து நின்றார்கள். பெரியம்மாவின் கையில் மத்தியானச் சாப்பாடு. சித்தி யாரோடும் கதைக்கவில்லை. திறப்பைத் திருப்பி எஞ்சினை ஓடவிட்டுவிட்டு, இந்த முறை முன்பக்கம் நிற்காமல், டாங்க்குக்குப் பக்கத்தில் போய்க் குந்தினார். நாங்கள் எல்லாரும் குந்தினோம். பல்கனி அன்ரி குந்த முடியாததால் குனிந்தார்.

சத்தம் மாறத் தொடங்கியது. மூச்சு வாங்குகிற சத்தம். முதல் இருமல் வந்தது. சித்தி மூடியைப் பிடித்துத் திருகினார்.

ஸ்ஸ்ஸ்ஸ் என்று ஒரு நீளமான உறிஞ்சல். வெகுநேரம் தண்ணீருக்குள் முக்குளித்திருந்த ஒருவர் தலையை வெளியே எடுத்து இழுக்கிற மூச்சு மாதிரியே இருந்தது. எஞ்சின் ஒரு தடவை தடுமாறி, பிறகு நிமிர்ந்து, சீராக ஓடியது.

ஒழுங்கை கைதட்டியது. சித்தி மூடியைத் திரும்பப் போட்டு இறுக்கினார்.

“கண்டுபிடிச்சாச்செல்லே பிள்ளை, பிறகேன் மூடுறாய்?” என்றார் பெரியப்பா.

“ஒருக்கா நடந்தால் அது தற்செயல் பெரியத்தான். அது நிக்கட்டும். நிண்டால்தான் நம்புவன்.”

எல்லாரும் லொறி ஓடவேண்டும் என்று பிரார்த்தித்துக்கொண்டிருந்த அந்த ஒழுங்கையில் சித்தி ஒருவர் மட்டும் அது நிற்கவேண்டும் என்று காத்திருந்தார். அது நின்றது. மூடியைத் திறந்தார். உறிஞ்சியது. ஸ்டார்ட் பண்ணினார். மூடியில்லாமல் ஓடிக்கொண்டே இருந்தது. எதிர்வீட்டு அன்ரி சோறு வடிக்கப் போய்த் திரும்பி வரும்வரைக்கும் ஓடியது. அதற்குப் பிறகுதான் சித்தியின் தோள் கொஞ்சம் இறங்கியது.

பிறகு மூடியை வெயிலில் பிடித்துப் பார்த்தார். நடுவில் சந்தனம் அடைபோல் காய்ந்து ஏறியிருந்தது. ஒரு வெள்ளிக்கிழமைக்குமேல் இன்னொரு வெள்ளிக்கிழமை. ஓரத்தை நகத்தால் கிளப்பியபோது பொட்டு முழுசாகப் பெயர்ந்து வந்தது. அதன் கீழே ஊசி போகிற அளவுக்கு ஒரு துளை. டீசல் குறையக் குறைய உள்ளே காற்றுப் போவதற்காக ஜப்பான்காரன் வைத்த துளை. அதைப் பார்க்கிற எந்தத் தமிழருக்கும் பொட்டு வைக்கிற இடம் என்றுதான் தோன்றும். அவ்வளவு நடுவில், அவ்வளவு பொருத்தமாக இருந்தது.

“பெரியம்மா வச்ச பொட்டு!” என்று நான் கத்தினேன்.

பெரியம்மா சாப்பாட்டுப் பாத்திரத்தைக் கீழே வைத்தார். “அப்ப… என்ர கையாலயே?” என்றார். “நிக்குது நிக்குதெண்டு நான் இன்னும் கொஞ்சம் கூட எல்லே வச்சன்?”

“வடிவாத்தான் வச்சனீங்கள் அக்கா” என்றார் சித்தி. குரலில் கோபமும் இல்லை, கேலியும் இல்லை. நானாவிடம் வாங்கிய கம்பியால் துளையைக் குத்திக்கொண்டிருந்தார். “பார்க்க நல்லாத்தான் இருந்தது. அதுக்கு மூச்சு மட்டும் விடேலாமல் போச்சு.”

அதற்கு ஏன் பெரியம்மாவின் கண் கலங்க வேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை. ஒரு லொறிக்காகவா என்று நினைத்தேன்.

சாப்பிடாமலே புறப்பட்டோம். சித்தி ஓட்ட, பெரியப்பா ஜன்னல் பக்கம், நான் நடுவில். பெரியப்பாவின் காதுகள் எஞ்சினிலேயே இருந்தன. புறக்கோட்டை ஞாயிற்றுக்கிழமை வெறிச்சோடிக் கிடந்தது. காலிமுகத்திடலில் பட்டம் விட்டார்கள். கொள்ளுப்பிட்டி வந்தது. வழமையாக நிற்கிற இடத்தில் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். சித்தி கியரை மாற்றினார். கொள்ளுப்பிட்டி பின்னால் போனது. பம்பலப்பிட்டியில் அதே பொலிஸ்காரர் நின்றார். எங்களைக் கண்டதும் தள்ளுவதற்கு ஆயத்தமாகத் தொப்பியைச் சரிசெய்தார். சித்தி ஹோர்ன் அடித்துக் கையைக் காட்டிவிட்டுப் போனபோது அவருக்குச் சற்று ஏமாற்றமாகக்கூட இருந்திருக்கும்.

வெள்ளவத்தையில் கடைக்காரர் வாசலில் நின்று அரிசிச் சாக்கைத் தைத்துக்கொண்டிருந்தார். சித்தி எஞ்சினை நிறுத்தாமலே, “நாளைக்கு வெங்காயம் வரும் அண்ணை, வேற ஆருக்கும் சொல்லாதேங்கோ” என்று கத்தினார். அவர் தலையைச் சரித்து எஞ்சின் சத்தத்தைக் கேட்டார். “சரி தங்கச்சி, வரட்டும்” என்றார்.

திரும்பி வந்து ஒழுங்கைக்குள் நிறுத்தியபோது, கிருலப்பனைக்காரர் வந்து காத்திருந்தார். பெரியப்பா இறங்கிப்போய், லொறியை விற்பதாக எப்போதுமே எண்ணம் இருக்கவில்லை என்ற மாதிரி ஒரு கதை சொன்னார். சொல்லச் சொல்ல அவரே அதை நம்பத் தொடங்கிவிட்டார். “எங்கட பிள்ளை ஓடுற லொறி. அதை எப்பிடி விக்கிறது?” என்று கேட்டது எனக்குக் கேட்டது. கிருலப்பனைக்காரர் அப்படியென்றால் என்னை ஏன் கூப்பிட்டீர்கள் என்று கேட்கவில்லை. பெரியம்மா கொண்டுவந்த சோற்றைச் சாப்பிட்டுவிட்டுப் போனார்.

அந்தக் கிழமை முழுவதும் லொறி நிற்கவில்லை. அதே கிழமை முழுவதும் பெரியம்மா எங்கள் பக்கம் வரவில்லை. வெள்ளிக்கிழமை காலை வந்தார். பெரியப்பாவும் கூட வந்தார். பெரியம்மாவின் கையில் வழமையான தட்டம். சித்தி வழமைபோல் உள்ளே போகத் திரும்பினார்.

“நில்லு பிள்ளை” என்றார் பெரியம்மா.

லொறியைச் சுற்றிப் பார்த்தார். பெருவிரலைச் சந்தனத்தில் தொட்டார், எடுத்தார். எங்கே வைப்பதென்று தெரியாதவர்போல் நின்றார். பிறகு தட்டத்தைச் சித்தியிடம் நீட்டினார்.

“எனக்கு இடம் பிழைச்சுப்போச்சு. உனக்குத்தான் தெரியும். நீயே வை.”

பெரியப்பா அவசரமாக டயரில் காற்றுச் சரியா என்று பார்க்கக் குனிந்தார்.

சித்தி தட்டத்தை உடனே வாங்கவில்லை. வாங்கியபோது இரண்டு கையாலும் வாங்கினார். முன் தகட்டில் ஒரு புள்ளி. டயர்களுக்கு ஒவ்வொன்று. டாங்கின் வயிற்றில், மூடிக்கு நன்றாகத் தள்ளி, மிளகளவுக்கு ஒன்று. எல்லாம் மோதிர விரலால். கடைசியாக ஏறி உட்கார்ந்து, ஸ்டியரிங்கின் நடுவில் சந்தனமும் குங்குமமும் வைத்தார். தட்டத்தை என் மடியில் தந்தார். அவருடைய விரல் நுனியில் கொஞ்சம் குங்குமம் மிஞ்சியிருந்தது.

துடைக்கத் துணி தேடுகிறார் என்று நினைத்தேன். காவலுக்கு வந்தவள் அல்லவா, என்னுடைய கைக்குட்டையை எடுத்து நீட்டினேன். சித்தி அதைப் பார்த்தார், வாங்கவில்லை. வெளியே பெரியம்மா ஏனோ இரண்டு கையையும் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றார். பல்கனி அன்ரி முதன்முறையாக ஒரு ஆலோசனையும் சொல்லவில்லை. இவர்கள் எல்லாரும் எதற்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள், லொறிதான் சரியாகிவிட்டதே என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

சித்தி தலைக்குமேலிருந்த கண்ணாடியைத் தன் பக்கம் திருப்பினார். அந்த விரலைத் தன் நெற்றியின் நடுவில் வைத்து அழுத்தினார். கண்ணாடியை மறுபடி ரோட்டுக்குத் திருப்பிவிட்டு, திறப்பைத் திருகினார்.